உச்சுக் கொட்டும் பாடம்

தொழில் வட்டாரத்தில் அவருக்குத் துடைப்பம் என்று பெயர். அவர் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதே இல்லை. ஒலிப்புத்தகம், விளம்பரம், ஏதோ ஒரு கம்பெனி முதலாளியின் ஆண்டு விழாப் பேச்சு என்று எது வந்தாலும், அவர் கையில் ஒருமுறை போய் வந்தால் மழை கழுவிய தெரு மாதிரி பளிச்சென்று ஆகிவிடும். மூச்சிரைப்பு, எச்சில் சத்தம், உதடு பிரியும்போது வரும் 'ப்ச்', நாக்கு மேலண்ணத்தை விட்டுக் கிளம்பும் 'ட்ளக்' எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி வெளியே தள்ளிவிடுவார். முதலாளிமார்கள் தங்கள் குரலைக் கேட்டுத் தாங்களே மயங்கிப்போவார்கள்.

வீட்டின் சாமான் அறைதான் அவருடைய ஒலிப்பதிவுக் கூடம். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, கதவின் உட்பக்கம் ஒரு பழைய மெத்தை, வெளிப்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தால் வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது, குழாய் திறக்கக் கூடாது, யாரும் இருமக் கூடாது. மனைவிக்கு இதில் சிரமமில்லை. அவள் கால்நடை மருத்துவர், பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் இருப்பாள். மாட்டிக்கொண்டது மாமியார்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரார் பேசியதையெல்லாம் காதில் வாங்கியே சம்பளம் வாங்கிய அந்தக் காதுக்கு, ஒரு மெத்தைக் கதவு எம்மாத்திரம். விளக்கு எரியும்போது கூடத்து நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, உள்ளே நடப்பதை ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்படி இருக்கையில்தான் ஒலியியல் பேராசிரியை வந்தார். தபால் வழியில் மொழி படிக்கும் மாணவர்களுக்காக மெய்யெழுத்துகள் பிறக்கும் விதம் பற்றிச் சில பாடங்கள் பதிவுசெய்ய வேண்டும் என்றார். கைப்பையிலிருந்து ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சை எடுத்து மேசைமேல் வைத்தார். நோயாளி யார் என்று துடைப்பம் ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தார்.

பேராசிரியைக்கு மைக் வேறு, மனிதர் வேறு என்றில்லை. யார் எதிரில் இருந்தாலும் பாடம் நடத்துவார். பேச்சு என்றால் காற்று நகர வேண்டும், காற்றை நகர்த்த ஒரு பம்பு வேண்டும், மனிதனுக்கு அப்படி மூன்று பம்புகள் இருக்கின்றன என்று சொல்லி சிரிஞ்சின் தண்டை முன்னும் பின்னும் இழுத்துக் காட்டினார். முதல் பம்பு நுரையீரல். நாம் பேசுவதெல்லாம் அது வெளியே தள்ளும் காற்றில்தான். இரண்டாவது குரல்வளை, அதை இறுக மூடி மேலே தூக்கினால் வாய்க்குள் இருக்கும் காற்று நசுங்கி வெடிக்கும், கீழே இறக்கினால் காற்று உள்ளே இழுபடும். மூன்றாவது நாக்கு. நாக்கின் பின்பக்கம் மேலண்ணத்தில் ஒட்ட, முன்பக்கமும் ஒட்ட, நடுவில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்து, முன்பக்கம் பட்டென்று விடுபட்டால் சொடுக்குப் போடுவது போல ஒரு சத்தம் வரும். நாம் சலித்துக்கொண்டு உச்சுக் கொட்டுவது அதுதான். நமக்கு அது வெறும் சலிப்பு. சில மொழிக்காரர்களுக்கு அது க, ச, ட மாதிரி ஒரு மெய்யெழுத்து.

துடைப்பம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். உண்மையில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது திரையில் ஏறி இறங்கும் பச்சைக் கோட்டை. ஒருவர் என்ன சொல்கிறார் என்று கேட்பது அவர் பழக்கமில்லை. எப்படிக் கேட்கிறது என்பதோடு அவர் வேலை முடிந்தது. பேராசிரியை வாய்க்குள் என்னென்னவோ கொட்டினார், வெடித்தார், சப்பினார். இந்த அம்மாவுக்கு எச்சில் ஊறும் வியாதிபோல இருக்கிறது, பாவம், எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்துவிடலாம் என்று அவர் மனதுக்குள் முடிவு செய்துகொண்டார்.

அப்படியே செய்தும் கொடுத்தார். நான்காம் பாடத்தில்தான் குப்பை அதிகம். வாய்ச்சத்தம் நீக்கும் பட்டனை ஒருமுறை அழுத்தினார். அது பிடிக்காமல் விட்டதையெல்லாம் கையாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். தலைமுடியில் பேன் எடுப்பதுபோல அத்தனை பொறுமையாகப் பார்த்த வேலை. முடித்ததும் பழைய பதிவின் மேலேயே புதியதைச் சேமித்தார். பதிவுக் கருவியின் மெமரி கார்டையும் அடுத்த வேலைக்காகக் காலி செய்தார். இத்தனை வருஷத்தில் யாரும் வந்து, என் எச்சில் சத்தத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டதில்லை.

சனிக்கிழமை காலை பேராசிரியையிடமிருந்து போன் வந்தது. குரல் வாயின் ஒரு ஓரத்திலிருந்து மட்டும் வந்தது.

"சார், நாலாம் பாடத்துல நான் செத்துப் போயிட்டேனா?"

துடைப்பத்துக்குப் புரியவில்லை. கேட்டுப் பாருங்கள் என்றார் அவர். துடைப்பம் பதிவை ஓடவிட்டார். 'இப்போது நாக்கால் உண்டாகும் மெய்களைக் கவனியுங்கள்' என்றது பேராசிரியையின் குரல், பன்னீரில் அலசியதுபோல. பிறகு நிசப்தம். 'இன்னும் ஒருமுறை.' நிசப்தம். 'இது பல்லுக்குப் பின்னால்.' நிசப்தம். 'இது கன்னத்தின் ஓரத்தில்.' நிசப்தம். 'இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு இப்போது தெளிவாகக் கேட்டிருக்கும்.'

துடைப்பம் முதல்முறையாக அந்தப் பாடத்தின் அர்த்தத்தைக் கேட்டார். பேராசிரியையின் பாடத்திலிருந்து பேராசிரியையின் பாடத்தையே அவர் துடைத்து எடுத்திருந்தார்.

மூலப்பதிவு இல்லை என்பதை எச்சில் விழுங்கி விழுங்கிச் சொன்னார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை; அந்த நிசப்தம் அவர் துடைத்தது அல்ல. திங்கட்கிழமை காலையில் பாடம் மாணவர்களுக்குப் போயாக வேண்டும். இன்றைக்கே வாருங்கள் மேடம், மறுபடி எடுத்துவிடலாம், கட்டணம் வேண்டாம் என்று கெஞ்சினார். அப்போதுதான் அந்தக் குரலின் கோணலுக்குக் காரணம் தெரிந்தது. பதிவு முடிந்த கையோடு பேராசிரியை கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். புண்ணில் ரத்தம் உறைந்து ஆறும்வரை வாயால் எதையும் உறிஞ்சக் கூடாது, அழுத்தித் துப்பக் கூடாது, ஸ்ட்ரா வைத்து ஜூஸ்கூடக் குடிக்கக் கூடாது என்று பல் டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

"உறிஞ்சாம எப்படி சார் உச்சுக் கொட்டறது? விளக்கம் எல்லாம் உங்ககிட்ட இருக்கு. சத்தத்தை நீங்க போட்டுருங்க. நான் போன்ல சொல்லித் தரேன்."

துடைப்பம் ஒத்துக்கொண்டார். தொலைத்தவன்தானே தேடித் தர வேண்டும்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனை ஸ்பீக்கரில் போட்டார். மின்விசிறி ஓடினால் மைக்கில் கேட்கும், ஓடாவிட்டால் அறை அடுப்பு மாதிரி ஆகிவிடும். ஒத்திகைதானே என்று விசிறியைப் போட்டு, மெத்தைக் கதவையும் கொஞ்சம் திறந்து வைத்தார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

முதலில் குரல்வளை வெடிப்பு, அதுவும் அதே பாடத்தில் துடைபட்டதுதான். கனமான பெட்டியைத் தூக்கும்போது மூச்சை அடக்குவீர்களே, அப்படி அடக்குங்கள். அடக்கியபடியே, மூச்சை விடாமல், ஒரு 'க்' சொல்லுங்கள் என்றார் பேராசிரியை. துடைப்பம் மூச்சை அடக்கினார். முகம் சிவந்தது, கண் பிதுங்கியது, க் வரவில்லை. தொண்டையில் கை வைத்துப் பாருங்கள், அந்த முடிச்சு மேலே ஏற வேண்டும் என்றார். அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முயன்றார். கொஞ்ச நேரத்தில் 'க்' என்று பாட்டில் மூடி தெறித்ததுபோல ஒன்று கிளம்பியது. பேராசிரியை, சபாஷ், இப்போது 'ப்', அடுத்து 'த்' என்றார்.

கூடத்து நாற்காலியில் இருந்த மாமியார், மாப்பிள்ளைக்கு ஏதோ தொண்டையில் மாட்டிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தார். தண்ணீர் சொம்போடு எழுந்து கதவருகே வந்தபோது, உள்ளேயிருந்து 'த், த்' என்று காறித் துப்புவது போலக் கேட்டது. தன் நிழலைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை துப்புகிறார் என்று அவருக்குச் சுருக்கென்றது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, திரும்பிப் போகாமல், சுவரோரமாக நின்றார்.

உள்ளே பாடம் நாக்குக்கு வந்திருந்தது. இங்கே துடைப்பம் மிகவும் திணறினார். உலகமே சுலபமாகச் செய்யும் காரியம், செய் என்று சொன்னதும் நாக்கு கட்டைபோலக் கிடந்தது. உச்சுக் கொட்டினால் கூடவே மூச்சும் புஸ்ஸென்று வந்தது. மூச்சுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, வேண்டுமானால் மூக்கால் ஒரு பாட்டை முனகிக்கொண்டே கொட்டிப் பாருங்கள், இரண்டும் தனித்தனியாக நடக்கும் என்றார் பேராசிரியை. அவர் முனகிக்கொண்டே கொட்டினார். கதவுக்கு வெளியே மாமியாரின் புருவம் ஏறியது.

சரி, எல்லாவற்றிலும் எளிது உதட்டில் செய்வது, அதிலிருந்து தொடங்கலாம் என்று பேராசிரியை மனமிரங்கினார். சின்னக் குழந்தைகூடச் செய்யும் என்றார். உதட்டைச் சேர்த்து, உள்ளே இழுத்து, பட்டென்று விட வேண்டும்.

துடைப்பம் விட்டார். நன்றாக வந்தது. பரவசத்தில் மறுபடி மறுபடி விட்டார்.

மாமியார் சத்தமில்லாமல் பின்வாங்கி, சமையலறைக்குப் போய், மகளுக்குப் போன் போட்டார். எக்ஸ்சேஞ்ச் காலத்து வழக்கப்படி விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்.

"உன் புருஷன் ரூமுக்குள்ள போன்ல ஒரு பொம்பளைக்கு முத்தம் குடுத்துக்கிட்டு இருக்காரு. அதுக்கு முன்னாடி என்னைப் பார்த்துத் துப்பினாரு. நீ வந்துட்டுப் போ."

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். அவள் டெட்டால் வாசனையோடு, கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தாள். தாயும் மகளும் மெத்தைக் கதவின் இடுக்கில் காது வைத்தார்கள். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வாயோரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது:

"முத்தம் நல்லா இருக்கு சார். ஆனா ரொம்ப ஈரமா இருக்கு. இன்னொண்ணு குடுங்க, இந்தத் தடவை சத்தம் மட்டும் வரட்டும்."

மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். துடைப்பம் கண்ணை மூடி, உதட்டைக் குவித்து, மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தார். கண்ணைத் திறந்தவர் அப்படியே உறைந்துபோனார். குவிந்த உதட்டை விரிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"எனக்கு இப்படிக் குவிச்சு எத்தனை நாளாச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

பின்னால் நின்ற அம்மா தொண்டையைச் செருமினார். துடைப்பம் எழுந்தார், ஹெட்போன் ஒயர் இழுத்து மறுபடி உட்கார்ந்தார். நுரையீரல், குரல்வளை, சிரிஞ்சு, கடைவாய்ப்பல், துடைத்த பாடம் என்று தலையும் வாலும் இல்லாமல் சொல்லத் தொடங்கினார். பல் பிடுங்கிய ஒரு பெண்மணிக்குப் பதிலாகத்தான் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்ததாக ஒரு வாக்கியம் வந்து விழுந்தது. அது அவருக்கே நம்பும்படியாக இல்லை. மனைவி அவரை நிறுத்தச் சொல்லிக் கை காட்டிவிட்டு, போனை எடுத்தாள்.

"மேடம், நான் இவரோட மனைவி பேசறேன்."

மறுமுனையில் பயமோ பதற்றமோ கொஞ்சமும் இல்லை. நல்லதாகப் போயிற்று என்றார் பேராசிரியை.

"உங்க வீட்டுக்காரருக்கு நாக்கு வணங்க மாட்டேங்குது. உங்களுக்குக் கன்னத்தோரமா கொட்ட வருமாம்மா?"

சண்டைக்கு வந்தவளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டால் அவள் என்ன செய்வாள்? கன்னத்தோரமாக என்றால் எப்படி என்று, கோபத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாள். நாக்கு நுனி மேலே ஒட்டியபடி இருக்க, பக்கவாட்டில் மட்டும் விடுபட வேண்டும் என்று பேராசிரியை விளக்க ஆரம்பித்தார். அவள் பாதியிலேயே புரிந்துகொண்டாள். படுத்த குதிரையை எழுப்ப, நின்ற குதிரையை நடத்த அவள் தினமும் செய்வது அது. 'ட்ளக், ட்ளக்' என்று இரண்டு கொட்டு கொட்டினாள். அறைக்குள் குளம்படி கேட்டது போலிருந்தது. பச்சைக் கோடு துள்ளி எழுந்து சிவப்பைத் தொட்டது.

போனில் பேராசிரியை மெதுவாக, இன்னொரு தடவை என்றார். அவருடைய குரல் கரகரத்திருந்தது. வலியா உணர்ச்சியா என்று சொல்ல முடியவில்லை.

அப்புறம் நடந்தது ஒரு திருவிழா. பூனையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வரவழைக்க அவள் உதட்டில் செய்வது, பயந்த நாயின் கவனத்தைத் திருப்ப பல்லுக்குப் பின்னால் செய்வது, கன்றுக்குட்டிக்கு ஒன்று, முரண்டு பிடிக்கும் ஆட்டுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் பேராசிரியை ஒரு பெயர் சொன்னார். இத்தனை பெரிய பெயர்களைத் தினமும் வாயில் வைத்துக்கொண்டுதான் சுற்றுகிறேனா என்று அவள் வியந்தாள். ஆட்டுக்குச் செய்தது மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை; அது வெறும் ஆட்டுக்குத்தான் என்று பேராசிரியை தள்ளிவிட்டார். கதவு சாத்தப்பட்டது, விசிறி நின்றது, சிவப்பு விளக்கு எரிந்தது. துடைப்பம் வேர்த்து வழிய, தன் பங்குக்கு க், ப், த் மூன்றையும் வெடித்துக் கொடுத்தார். அதில் அவருக்கு ஈடு யாருமில்லை என்று பேராசிரியை ஒத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். குரல்வளையைக் கீழே இறக்கி, காற்றை உள்ளே வாங்கிக்கொண்டே 'ப' சொல்வது. குறுகிய கழுத்துள்ள குடத்தில் தண்ணீர் இறங்கும் சத்தத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னார் பேராசிரியை. கணவன் சொன்னால் ஏப்பம் வந்தது. மனைவி சொன்னால் விக்கல் வந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, அடக்க முடியாமல் மேசையில் தலையைச் சாய்த்துவிட்டார்கள். காலையில் எதற்காகச் சண்டை போட வந்தோம் என்பதே அவளுக்கு அப்போது நினைவில் இல்லை.

கடைசியில் சாயங்காலம் பேராசிரியையே ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார். ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. அதன்மேல் ஐஸ் வைத்த துணி. கதவைத் திறந்த மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்து, இதுவா அது என்பதுபோல மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கஞ்சி காய்ச்ச உள்ளே போனார்.

பேராசிரியை மைக் முன்னால் உட்கார்ந்து, கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு, அந்தக் கடைசி ஒலியை மிக மெதுவாக ஒரே ஒருமுறை சொன்னார். மகா உறிஞ்சல் ஒன்றும் இல்லை, துளி இழுப்புதான், டாக்டரிடம் யாரும் சொல்லாமல் இருந்தால் சரி என்றார். ஆழக் கிணற்றில் கூழாங்கல் விழுந்ததுபோல இருந்தது. ஹெட்போனில் கேட்ட துடைப்பத்துக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படிப்பட்ட ஒன்றையா முந்தாநாள் தூக்கி எறிந்தோம் என்று அவருக்கு முகம் சுண்டிவிட்டது. பதிவை உடனே மூன்று இடங்களில் சேமித்தார். மனைவி நான்காவதாகத் தன் போனிலும் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க விளக்கத்தையும் சத்தத்தையும் கோத்தார். கை பழக்கத்தில் அந்தப் பட்டன் பக்கம் பலமுறை போனது. போகும்போதெல்லாம் இடது கையால் வலது கையை அடித்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை, பாடம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசி வரியில், ஒலிகளுக்கு உதவிய கால்நடை மருத்துவருக்கு நன்றி என்று பேராசிரியை சேர்த்திருந்தார். மாணவர்கள் சிலருக்கு அது புரியவில்லையாம். ஒருவர் மட்டும், குதிரையையே ஸ்டுடியோவுக்குள் கொண்டு வந்தீர்களா என்று கேட்டு எழுதியிருந்தார்.

புண் ஆறியபின் பேராசிரியை ஒருநாள் நன்றி சொல்ல வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுக்கொண்டே மாமியாரோடு பேச்சு எக்ஸ்சேஞ்ச் காலத்துக்குப் போனது. அங்கே ஒரு மேலதிகாரியும் அவருடைய மனைவியும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணுக்கு அழைத்த கதையை மாமியார் சொன்னார். அப்படியா, நிஜமாகவா என்று பேராசிரியை கேட்டார். மாமியார் கண்ணை அகல விரித்து, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே, "ஆமா" என்றார்.

பேராசிரியையின் கை பாதி வழியில் நின்றுவிட்டது.

"அம்மா, இப்ப சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க. நீங்க மூச்சை உள்ள இழுத்துக்கிட்டே பேசறீங்க. அஞ்சாம் பாடமே அதுதான்."

மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. சொன்னார். சாதாரண 'ஆமா'தான் வந்தது. மறுபடி சொன்னார், இருமல் வந்தது. மகள், நினைக்காமல் சொல் என்றாள். நினைக்காமல் எப்படிச் சொல்வது என்று அவர் யோசிக்கத் தொடங்கிவிட்டார். மைக் முன்னால் உட்கார்த்தினால் சரியாகிவிடும் என்று அழைத்துப் போனார்கள். அங்கே அவர் நேராக நிமிர்ந்து, "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்லும் குரலில், "ஆமாம்" என்றார்.

வழக்கமாக உள்ளே எந்தச் சத்தமும் கேட்கக் கூடாது என்பவர் துடைப்பம். இப்போது அவர் மற்ற இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, தானே மாமியாருக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வம்பு பேசி அவருக்குப் பழக்கமில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கொஞ்சம் தவித்தார். பிறகு ஸ்டூலை நெருக்கமாக இழுத்து, குரலைத் தாழ்த்தினார்.

"அத்தை, மேல் வீட்டுக்காரர் இருக்காரே, அவர் தலையில இருக்கிறது சொந்த முடி இல்லையாம். உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

மாமியார் சட்டென்று முன்னால் சாய்ந்தார். மார்பு நிறைய காற்று உள்ளே போயிற்று, அதோடு கூடவே அந்த வார்த்தையும். பச்சைக் கோடு அழகாக ஏறி இறங்கியது.

ஒன்று போதாது, இன்னும் இரண்டு வேண்டும் என்று கதவுக்கு வெளியிலிருந்து பேராசிரியை சொன்னார். துடைப்பம், மூன்றாவது மாடிக்காரரைப் பற்றி என்ன வம்பு சொல்லலாம் என்று யோசிக்கத் தொடங்கினார்.